ஸ்கான் தாளில் உள்ள மைனஸ் 3.4 உங்கள் மகனுடைய கணக்கல்ல

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். மகனுக்கு 9 வயது. உயரம் 114 செ.மீ., நிறை 20 கிலோ. வகுப்பில் அவன்தான் கட்டை. இரண்டு வயதுவரை கிளினிக் கொப்பியில் கோட்டோடுதான் வந்தான், நடக்கத் தொடங்கிய பிறகு கீழே இறங்கிவிட்டான். கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைவு. 5 வயதில் சைக்கிள் கரியரில் இருந்து சரிந்து விழுந்து முன்கை முறிந்தது. போன வருசம் பாலைப்பழத்துக்கு மரம் ஏறி விழுந்து மற்றக் கையும் முறிந்தது. இடையில் ஒருமுறை கால்விரலும். கொழும்பில் காசு கட்டி, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கான் எடுத்தோம். ‘ரி-ஸ்கோர் மைனஸ் 3.4, ஒஸ்ரியோபொறோசிஸ்’ என்று போட்டிருக்கிறது. இரத்தத்தில் கல்சியம் 2.32, பொஸ்பேற் 0.95, இரண்டும் நோர்மல் என்றார்கள். அல்கலைன் பொஸ்பற்றேஸ் 640, அதற்கு மட்டும் கூட என்று அடையாளம். கனடாவில் இருந்து அண்ணா அனுப்பிய விற்றமின் டி ஜெலி இனிப்பு நாளுக்கு இரண்டு கொடுக்கிறேன். எலும்புக்கு ஊசி போடலாம் என்கிறார்கள். போடவா? மூன்று மாதத்தில் திரும்ப ஸ்கான் எடுக்கவா? விளையாட விடலாமா? இளையவளுக்கு 4 வயது, அவளுக்கும் ஸ்கான் எடுக்கவேண்டுமா? எனக்கும் சின்னனில் கால் வளைவு இருந்ததாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சாப்பாடு இல்லாததால் என்று அம்மா சொல்லுவா. என் உயரம் 147, கணவர் 168.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஊசி இப்போது வேண்டாம். மூன்று மாதத்தில் மறு ஸ்கானும் வேண்டாம். நீங்கள் கவலைப்பட்ட இலக்கத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. நோர்மல் என்று உங்களுக்குச் சொன்ன 0.95தான் நான் கவனிக்கும் இலக்கம்.

முதலில் அந்த மைனஸ் 3.4. ரி-ஸ்கோர் என்பது ஒருவருடைய எலும்பை, எலும்பு உச்சத்தில் இருக்கிற இருபது முப்பது வயதுக்காரருடைய எலும்போடு ஒப்பிடும் கணக்கு. மாதவிடாய் நின்ற பெண்களுக்காக வந்தது. இன்னும் எலும்பு சேர்த்துக்கொண்டிருக்கிற 9 வயதுப் பிள்ளையை அந்தத் தராசில் வைத்தால் எந்தப் பிள்ளையும் தோற்கும். பிள்ளைகளுக்குப் பார்க்கவேண்டியது இசட்-ஸ்கோர், அதாவது அதே வயது, அதே பால் பிள்ளைகளோடு ஒப்பீடு. இயந்திரத்தில் பிறந்த திகதியைப் பிழையாகப் பதிந்தாலோ, வளர்ந்தோருக்கான முறையில் ஓடவிட்டாலோ இப்படி ரி-ஸ்கோர் அச்சாகி வரும். ஸ்கான் எடுத்த இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, சிறுவர் ஒப்பீட்டில் அதே ஸ்கானைத் திரும்பக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். படம் கணினியில் இருந்தால் பிள்ளையைத் திரும்பப் படுக்கவைக்கத் தேவையில்லை.

இசட்-ஸ்கோர் வந்தாலும் வேலை முடியாது, ஏனென்றால் மகன் கட்டை. டெக்ஸா எலும்பின் கனத்தைக் காண்பதில்லை. நிழல் விழுந்த பரப்பை மட்டும் கண்டு, கனிமத்தின் கிராமை அந்தப் பரப்பால் வகுக்கிறது. ஒரே களிமண்ணில் இரண்டு கட்டி செய்யுங்கள். ஒன்று எல்லாப் பக்கமும் 2 செ.மீ., மற்றது 3 செ.மீ. மண் கன சென்ரிமீற்றருக்கு 2 கிராம் என்றால் சின்னது 16 கிராம், பெரியது 54 கிராம். நிழல் பரப்பு 4, 9. வகுத்தால் சின்னதுக்கு 4, பெரியதுக்கு 6. மண் ஒன்றுதான், ஆனால் இயந்திரம் சின்னக் கட்டியை ‘அடர்த்தி குறைவு’ என்று எழுதும். வளர்ச்சி ஹோர்மோன் குறைந்த பிள்ளை, தைரொயிட் குறைந்த பிள்ளை, எக்ஸ் நிறமூர்த்தக் குறைவால் கட்டையாகும் டேர்னர் நிலையுள்ள பெண்பிள்ளை, அகொன்ட்ரோபிளாசியாவால் கை கால் குட்டையான பிள்ளை எல்லாருக்கும் இந்த அநியாயம் நடக்கிறது. இவர்களில் பலருடைய எலும்பு அளவில் சின்னது, தரத்தில் குறைந்ததல்ல.

இதைத் திருத்த வழி இருக்கிறது. ஸ்கான் தாளில் இடுப்பு முள்ளந்தண்டின் முதல் நான்கு எலும்புகளுக்குக் கனிமம் எத்தனை கிராம், பரப்பு எத்தனை சதுர சென்ரிமீற்றர் என்று தனித்தனியாக அச்சாகியிருக்கும். பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, வந்த தொகையால் கிராமை வகுக்கவேண்டும். களிமண் கட்டியில் செய்து பாருங்கள்: 16ஐ 4 தர 2 ஆல், 54ஐ 9 தர 3 ஆல். இரண்டுக்கும் விடை 2. எலும்பு சதுரக் கட்டியல்ல, ஆகவே இது தோராயம்தான், ஆனாலும் மிகப் பெரிய பிழையை எடுத்துவிடும். உயரத்துக்கான இசட்-ஸ்கோரை வைத்துத் திருத்தும் முறையும் உண்டு. எது செய்தாலும் முதலில் உயரம் சரியாக அளந்திருக்கவேண்டும்.

பிள்ளைகளில் ஸ்கான் எடுக்கவேண்டிய இடங்கள் இரண்டு: இடுப்பு முள்ளந்தண்டு, தலை நீங்கலான முழு உடல். பெரியவர்களுக்கு எடுப்பதுபோல இடுப்பு மூட்டை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள். வளரும் இடுப்பு பிள்ளைக்குப் பிள்ளை மாறும், ஒப்பிட முடியாது. தலையைக் கழிப்பதற்குக் காரணம், சின்னப் பிள்ளையின் உடம்பில் தலை பெரிய பங்கு. அது மொத்தக் கணக்கையே மூடிவிடும்.

இனி ‘ஒஸ்ரியோபொறோசிஸ்’, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய் என்ற சொல். பிள்ளைக்கு அதை ஸ்கான் மட்டும் பார்த்து எழுதக்கூடாது என்பதில் சர்வதேச அளவில் உடன்பாடு இருக்கிறது. பெரிய விபத்தோ, அந்த இடத்தில் வேறு நோயோ இல்லாமல் முள்ளந்தண்டு எலும்பு ஒன்று நசிந்திருந்தால் அது ஒன்றே போதும், ஸ்கான் இலக்கம் தேவையில்லை. இல்லாவிட்டால் இரண்டும் சேரவேண்டும்: திருத்திய இசட்-ஸ்கோர் மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழ், அதோடு 10 வயதுக்குள் இரண்டு நீள எலும்பு முறிவு, அல்லது 19 வயதுக்குள் மூன்று.

மகனுடைய முறிவுகளை அந்தக் கண்ணோடு எண்ணுவோம். கால்விரல் கணக்கில் இல்லை. விரல், மூக்கு முறிவெல்லாம் எலும்பின் பலத்தைச் சொல்லாது. சைக்கிள் கரியரில் இருந்து சரிந்தது சின்ன விழுகை, அதை எண்ணுகிறேன். பாலை மரத்தில் எத்தனை அடி உயரத்தில் இருந்து விழுந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. பத்தடிக்கு மேல் என்றால் எந்தப் பிள்ளைக்கும் கை முறியும், அதைப் பலவீனத்தின் சாட்சியாக எடுக்கத் தயங்குவேன். நாலடிக் கொப்பு என்றால் கதை வேறு. கிளினிக்கில் ‘விழுந்தவன்’ என்று மட்டும் சொல்லாமல் எங்கிருந்து, எவ்வளவு உயரம், மணலா சீமெந்தா என்பதையும் சொல்லுங்கள்.

முள்ளந்தண்டு நசிவு நோவில்லாமலே வரும், ஆகவே பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று கேட்பது நியாயம். ஒரு எலும்பின் உயரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நசிவு என்று எடுப்போம். வேறு நோய்க்காக மாதக்கணக்கில் ஸ்ரீரொயிட் குடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு படம் ஸ்கானைவிடப் பயன் தரும். வலிப்புக்கு பெனிற்றோயின், பினோபாபிற்றோன் போன்ற மருந்து குடிக்கும் பிள்ளையென்றால் விற்றமின் டி அளவைத் தவறாமல் பார்க்கவேண்டும்.

இப்போது 0.95க்கு வருவோம். ஆய்வுகூடம் அச்சிடும் ‘நோர்மல் எல்லை’ பல இடங்களில் பெரியவர்களுடையது. பெரியவருக்குப் பொஸ்பேற் 0.8 மி.மோல்வரை இறங்கினாலும் சரி. வளரும் பிள்ளைக்கு எலும்பு கட்டப் பொஸ்பேற் நிறைய வேண்டும், உங்கள் மகனின் வயதில் கீழெல்லை ஏறத்தாழ 1.2. ஆகவே 0.95 நோர்மல் அல்ல, குறைவு. இந்த ஒரு பிழையால் வருடக்கணக்கில் தவறிப்போகும் பிள்ளைகள் உண்டு. (மி.கி. கணக்கில் றிப்போர்ட் தந்திருந்தால் 0.323 ஆல் பெருக்கினால் மி.மோல் வரும்.) அல்கலைன் பொஸ்பற்றேஸ் எலும்பில் இருந்தும் ஈரலில் இருந்தும் வரும் நொதியம். அதில் பிழை மறுபக்கம். பிள்ளைகளுக்கு அது இயல்பாகவே பெரியவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூட இருக்கும். 300 என்று வந்த பிள்ளைக்கும் சிவப்பு அடையாளம் விழுந்து, வீடே ஈரல் வருத்தம் என்று பயப்படுவதுண்டு. ஆனால் 640 சிறுவர் எல்லையையும் தாண்டியது. இதே பரிசோதனை 50, 60 என்று வந்தால் யாரும் அடையாளம் போடமாட்டார்கள். பிள்ளைக்கு அது அபாயமான குறைவு, ஹைப்போபொஸ்பற்றேசியா என்ற அரிய நோயை நினைக்கவேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கேட்டுக் கேள்வியில்லாமல் விற்றமின் டி கொடுப்பது கெடுதி.

கட்டை உயரம், வெளிப்பக்கம் வளைந்த கால், குறைந்த பொஸ்பேற், கூடிய அல்கலைன் பொஸ்பற்றேஸ். நாலும் சேர்ந்தால் முதலில் நினைக்கவேண்டியது றிக்கெற்ஸ், அதாவது எலும்பு முனையில் நீளம் வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் எலும்பு இறுகாமல் போவது. கால் வளைவு இரண்டு வயதுவரை இயல்பு. மூன்று நாலு வயதில் முழங்கால் உட்பக்கம் முட்டும், ஏழு வயதளவில் நேராகிவிடும். ஒன்பது வயதில் வெளிவளைவு இருப்பது இயல்பல்ல.

றிக்கெற்ஸ் இரண்டு வழியால் வரலாம். ஒன்று விற்றமின் டி அல்லது கல்சியம் பற்றாக்குறை. அப்போது இரத்தக் கல்சியத்தைக் காக்கும் பராதைரொயிட் ஹோர்மோன் கூடி, அதனால் பொஸ்பேற் சிறுநீரில் போகும். மற்றது சிறுநீரகமே பொஸ்பேற்றை ஒழுகவிடும் பரம்பரை நோய். உங்கள் கடிதத்தில் மூன்று விசயம் இரண்டாவதை நினைக்க வைக்கிறது: நடக்கத் தொடங்கிய பிறகு வளர்ச்சி இறங்கியது, விற்றமின் டி கொடுத்தும் பொஸ்பேற் குறைவாக இருப்பது, உங்களுக்கும் கால் வளைந்திருந்தது. தடைக்காலத்தில் வன்னியில் பட்டினி இருந்தது உண்மை. ஆனால் உங்கள் கூடப்பிறந்தவர்கள் அதே சாப்பாட்டோடு நேரான காலோடு வளர்ந்திருந்தால், சாப்பாட்டில் மட்டும் பழியைப் போடமுடியாது. பொஸ்பேற் ஒழுகும் பரம்பரை நோயில் மிகப் பொதுவான வகை எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வருவது. தாய்க்கு இருந்தால் மகனுக்கோ மகளுக்கோ வர அரைவாசி வாய்ப்பு. தகப்பனுக்கு இருந்தால் எல்லா மகள்மாருக்கும் வரும், மகன்மாருக்கு வராது. இன்னொரு அடையாளம் பல்லில். சொத்தை இல்லாத பல்லடியில் முரசு வீங்கிச் சீழ் வைக்கும். மகனுக்கோ உங்களுக்கோ அப்படி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

இது உறுதியான முடிவல்ல, தேடவேண்டிய திசை. உறுதிப்படுத்தப் பெரிய செலவும் இல்லை. மாவட்ட வைத்தியசாலையின் சிறுவர் வைத்திய நிபுணரிடம் போகும்போது கேட்கவேண்டியவை இவை. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்று. அந்த ஒரே படம் எலும்பு வயதையும் சொல்லும், றிக்கெற்சையும் காட்டும். முழங்கால்கள் இரண்டுக்கும் ஒரு படம். பொஸ்பேற் ஒழுகும் நோயில் மணிக்கட்டைவிட முழங்காலில்தான் மாற்றம் தெளிவு, ஆகவே மணிக்கட்டு நல்லது என்று சொல்லி முழங்காலை விட்டுவிடாதீர்கள். வளர்ச்சித் தட்டு அகன்று, எலும்பு முனை கிண்ணம்போல் குழிந்து, ஓரம் பிய்ந்த துணிபோல இருந்தால் றிக்கெற்ஸ்.

இரத்தம் வெறுவயிற்றில் காலையில். கல்சியம், பொஸ்பேற், அல்கலைன் பொஸ்பற்றேஸ், கிரியற்றினின், 25-ஹைட்ரொக்சி விற்றமின் டி, பராதைரொயிட் ஹோர்மோன். விற்றமின் டி 30 நனோமோலுக்குக் கீழ் என்றால் பற்றாக்குறை, 50க்கு மேல் போதும். றிப்போர்ட் நனோகிராமில் வந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள். இரத்தம் எடுக்கும் அதே காலையில் சிறுநீரும் எடுக்கவேண்டும். எழும்பியதும் போகும் முதல் சிறுநீர் அல்ல, அதற்கு அடுத்தது. அதில் பொஸ்பேற்றும் கிரியற்றினினும். சிறுநீர்ப் பொஸ்பேற்றை இரத்தக் கிரியற்றினினால் பெருக்கி, அதை இரத்தப் பொஸ்பேற் தர சிறுநீர்க் கிரியற்றினினால் வகுத்து, ஒன்றில் இருந்து கழித்தால் சிறுநீரகம் எவ்வளவு பொஸ்பேற்றைத் திரும்ப எடுக்கிறது என்று வரும். இரத்தக் கிரியற்றினின் மைக்ரோமோலிலும் சிறுநீருடையது மில்லிமோலிலும் வரும், ஒரே அலகுக்கு மாற்றாமல் கணக்குப் போட்டால் விடை ஆயிரம் மடங்கு பிழைக்கும். இரத்தத்தில் பொஸ்பேற் இவ்வளவு குறைந்திருக்கும்போது நல்ல சிறுநீரகம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தளவைப் பிடித்துவைக்கும். 85க்குக் கீழ் என்றால் ஒழுகுகிறது. தனியார் ஆய்வுகூடத்தில் எடுப்பதானால் இரத்தம் மணிக்கணக்காகக் குழாயில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் பொஸ்பேற் வெளியே வந்து, குறைந்த அளவு சரியான அளவுபோலத் தெரியும்.

ஊசி ஏன் வேண்டாம் என்பது இப்போது விளங்கும். சொலெட்ரோனிக் அசிட், பமிட்ரோனேற் போன்றவை எலும்பு கரைவதை நிறுத்துபவை. ஒஸ்ரியோஜெனசிஸ் இம்பெர்பெக்ரா என்ற, பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் பிள்ளைகளுக்கு அவை பெரிய உதவி. ஆனால் எலும்பு இறுகாமல் இருக்கும் பிள்ளைக்குப் போட்டால் கல்சியம் சட்டென்று விழும், இறுகுவதும் இன்னும் தடைப்படும். எந்தப் பிள்ளைக்கும் இந்த ஊசிக்கு முன் விற்றமின் டி, கல்சியம், பொஸ்பேற் பார்க்காமல் போடுவது பிழை. அந்தப் பிறவி நோய் மகனுக்கு இல்லையா என்று பார்க்க, வெயில் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை நீலமாகத் தெரிகிறதா, பல் சாம்பல் நிறமாகத் தேய்கிறதா, குடும்பத்தில் இளவயதில் காது கேளாமை உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

பொஸ்பேற் ஒழுகுவதென்று உறுதியானால் மருந்து வேறு: பொஸ்பேற் நாளுக்கு நாலைந்து தடவை பிரித்து, அதோடு விற்றமின் டியின் மருந்து வகையான அல்பாகல்சிடோல். கடையில் விற்கும் சாதாரண விற்றமின் டி அதற்கு ஈடாகாது. அளவு கூடினால் சிறுநீரகத்தில் கல்சியம் படியும், ஆகவே இரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கான் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பாடசாலை நேரத்துக்குள் வரும் வேளைதான் வழக்கமாகத் தவறும், வகுப்பு ஆசிரியரிடம் முதலே சொல்லிவையுங்கள். சிறுவர் ஹோர்மோன் நிபுணரின் மேற்பார்வை தேவைப்படும். கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது, சிறுவர் நிபுணரின் கடிதத்தோடு போனால் அலைச்சல் குறையும்.

ஜெலி இனிப்பை என்ன செய்வது? ஒன்றில் எத்தனை ஐ.யு. என்று போத்தலைப் பார்த்து எழுதி, போத்தலையும் கொண்டுபோங்கள். இரத்தம் எடுக்கும்வரை கூட்டவும் வேண்டாம், புதிதாகக் கல்சியம் குளிசை தொடங்கவும் வேண்டாம். இனிப்பு என்பதால் பிள்ளைகள் களவாக எடுத்துச் சாப்பிடுவார்கள், எட்டாத இடத்தில் வையுங்கள்.

சாப்பாட்டில் கல்சியம் நாளுக்கு 500 மி.கி.க்குக் குறையாமல் இருக்கவேண்டும், 300க்குக் கீழ் போனால் அதுவே றிக்கெற்சைக் கொண்டுவரும். காலையில் பிளேன்ரீயும் பாணும், மத்தியானம் சோறும் மட்டும் என்றால் 300ஐ எட்டுவது கடினம். ஒரு கப் பால், 200 மி.லீ., ஏறத்தாழ 240 மி.கி. ஐம்பது கிராம் குரக்கன் மாவில் புட்டு 170 அளவு. தோல் நீக்காத எள்ளு ஒரு மேசைக்கரண்டி 85 அளவு. நெத்தலியைத் தலையும் முள்ளுமாகப் பொரித்துக் கொடுத்தால் நல்லது, முள்ளை எடுத்துவிட்டால் கல்சியமும் போய்விடும்.

கிணற்றுத் தண்ணீரையும் ஒருதரம் பாருங்கள். வவுனியாவிலும் அதைச் சுற்றிய வறண்ட பகுதிகளிலும் சில கிணறுகளில் புளோரைட் கூட. அது எலும்பைத் தடிக்கவைக்கும், ஸ்கானில் அடர்த்தி நன்றாக இருப்பதுபோலக் காட்டும், ஆனால் பலம் இருக்காது, காலும் கோணும். முன்பல்லில் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடோ மண்ணிறக் கறையோ இருந்தால் சந்தேகப்படுங்கள். இலங்கைத் தரத்தில் லீற்றருக்கு 1 மி.கி. எல்லை. நீர்வழங்கல் சபையில் பரிசோதிக்கலாம். கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக் குடிக்கவும் சமைக்கவும் பாவியுங்கள்.

உயரத்தை வீட்டிலும் அளக்கலாம். காலையில், வெறுங்காலோடு, அடியில் விளிம்பில்லாத சுவரில் குதி, பின்பக்கம், தோள் படிய நிற்கவைத்து, பார்வை நேராக, தலையில் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு செங்கோணமாக வைத்துக் கோடு போடுங்கள். மூன்று தரம் அளந்து சராசரி எடுங்கள். மாலையில் ஒரு செ.மீ.வரை குறையும், ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரம். கணுக்கால்கள் முட்ட நிற்கவைத்து முழங்கால்களுக்கிடையில் எத்தனை செ.மீ. என்றும், உட்கார்ந்த நிலையில் உயரத்தையும், விரித்த கைகளின் நீளத்தையும் எழுதுங்கள். கால் மட்டும் கட்டையா, முழு உடம்புமா என்று அதில் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 9 வயது ஆண்பிள்ளையின் கீழ்க்கோடு ஏறத்தாழ 120 செ.மீ. மகன் அதற்கும் கீழே, ஆறு வயதை எட்டாத பிள்ளையின் உயரத்தில் நிற்கிறான். தாய் தகப்பன் உயரத்தைக் கூட்டி 13 சேர்த்து அரைவாசியாக்கினால் ஆண்பிள்ளை எட்டக்கூடிய உயரம் வரும்: உங்களுக்கு 164. ஆனால் உங்கள் 147 நோயால் குறைந்த உயரமாக இருந்தால் அந்த 164ஏ மகனுக்குக் குறைத்துப் போட்ட கணக்கு.

மறு ஸ்கான் தேவைப்பட்டால் ஒரு வருடம் கழித்து, அவசரமென்றாலும் ஆறு மாதத்துக்கு முன் அல்ல, அதுவும் அதே இயந்திரத்தில். கம்பனி மாறினால் இலக்கம் மாறும், கூடியதா குறைந்ததா என்று சொல்லமுடியாது.

விளையாட விடுங்கள். படுக்கையில் வைத்தால் எலும்பு இன்னும் கரையும். நடை, பெரியவர் துணையோடு நீச்சல், கிளித்தட்டு எல்லாம் சரி. இப்போதைக்கு மரம் ஏறுவதும், சைக்கிள் கரியரில் பின்னுக்கு இருந்து போவதும் வேண்டாம். கால் நோகிறது, நொண்டுகிறான் என்றால் விளையாட்டை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள், இந்த நோயில் எலும்பில் மயிரிழை வெடிப்பு வரலாம்.

இளையவளுக்கு ஸ்கான் வேண்டாம். அவளுடைய கிளினிக் கொப்பியை எடுத்து உயரக் கோடு இரண்டு வயதுக்குப் பிறகு இறங்குகிறதா என்று பாருங்கள், காலையும் பாருங்கள். மகனுக்கு இரத்தம் எடுக்கும் அன்றே அவளையும் கூட்டிப்போய்ப் பொஸ்பேற்றும் அல்கலைன் பொஸ்பற்றேசும் எடுத்துவிடுங்கள். நாலு வயதுக்கு எல்லை இன்னும் கொஞ்சம் மேலே என்பதை ஆய்வுகூடத்துக்கு நினைவூட்டுங்கள். நீங்களும் அதே காலை வெறுவயிற்றோடு போய் உங்கள் பொஸ்பேற்றையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.